வெந்நீர் ஊற்று நகரில் ஒரு பகல்

அமெரிக்காவின் ஆர்கன்சாஸ் மாநிலத்திலுள்ள ஹொட் ஸ்பிரிங்ஸ் நகரில் பழைய குளியல் மாளிகைகள் எட்டு ஒரே வீதியில் வரிசையாக நிற்கின்றன. மலையடிவாரத்தில் சுமார் 62 பாகை செல்சியஸ் சூட்டில் ஊறும் நீர்தான் இவற்றுக்கெல்லாம் ஆதாரம். வாதநோய்க்காரர்கள் அந்நாளில் தூர இடங்களிலிருந்து வந்து, வாரக்கணக்கில் தங்கிக் குளித்தார்களாம்.

1915இல் திறக்கப்பட்ட ஃபோர்டைஸ் மாளிகை இன்று நூதனசாலை. ஆண்கள் பகுதியில் சலவைக்கல், நடுவே சிலை, மேலே கடற்கன்னியர் நீந்தும் வண்ணக் கண்ணாடிக் கூரை. அண்ணாந்து பார்த்தே கழுத்து வலித்தது. பிறகு பெண்கள் பகுதிக்குப் போனேன். அதில் பாதிகூட இல்லை! பெண்களின் நோவுக்கு அவ்வளவுதான் இடம் போலும்.

அதைவிட மனதை உறுத்தியது வேறொன்று. வந்தவர்களைத் தொட்டியில் இருத்தி, முதுகு தேய்த்து, சூடான துணி சுற்றிவிட்ட பணியாளர்கள் பெரும்பாலும் கறுப்பினத்தவர்கள். ஆனால் அவர்கள் அங்கே குளிக்க முடியாது. கறுப்பின மக்களுக்கென 1914இல் பிதியன் என்ற குளியல் மாளிகை தனியாக எழுந்தது.

இப்போதும் இயங்கும் இன்னொரு மாளிகையில் நானும் குளித்தேன். துணி சுற்ற வந்த பணிப்பெண்ணிடம், “நீங்களும் இங்கே குளிப்பதுண்டா?” என்று கேட்டேன்.

“குளிக்கலாம். ஆனால் வேலை முடிந்தால் பிள்ளைகளிடம் ஓடத்தானே நேரமிருக்கிறது” என்று சிரித்தார்.