பஞ்சுவைத் தூக்கக் கூடாது

கிள்ளானில் என் வீட்டு முன்ஹால்தான் தையல் கடை. ரவிக்கை, பஞ்சாபி சூட், தீபாவளி நெருங்கினால் சின்னப் பிள்ளைகளுக்குப் பட்டுப் பாவாடை. அளவு கொடுக்க வருகிற பெண்களோடு பிள்ளைகளும் வரும். துணி வெட்டும் மேசைக்கு அடியில், இரண்டு காதும் தொங்க உட்கார்ந்திருக்கும் என் முயல் பஞ்சுவைப் பார்த்ததும் எல்லாம் ஒரே கேள்வியைத்தான் கேட்கும்: "ஆன்ட்டி, தூக்கலாமா?" கூடாது என்பேன். "கடிக்குமா?" கடிக்காது. "அப்புறம் ஏன்?"

வாயில் குண்டூசியை வைத்துக்கொண்டு அந்த 'ஏன்'-க்குப் பதில் சொல்லி முடியாது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

நாயும் பூனையும் வேட்டையாடிப் பிழைத்த இனம். முயல் வேட்டையாடப்பட்ட இனம். இன்று வீட்டில் வளர்க்கும் முயல் ஹாலந்து லாப்போ நெதர்லாந்து டுவார்ஃபோ, எதுவானாலும் ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கத்துக் குழிமுயலின் வழிவந்ததுதான். நரியும் பருந்தும் துரத்திய வம்சம். நாலு காலும் தரையை விட்டு எழும்புகிறது என்றால் அந்த உடம்புக்குத் தெரிந்த அர்த்தம் ஒன்றுதான்: எதுவோ கவ்விவிட்டது. உடனே உதறும், உதைக்கும். பின்னங்கால் சதைக்கு இருக்கிற பலம் எலும்புக்குக் கிடையாது. அந்தரத்தில் முறுக்கி உதைத்தால் தன் முதுகெலும்பைத் தானே ஒடித்துக்கொள்ளும்.

கண்ணும் அப்படித்தான். தலையின் இரண்டு பக்கத்திலும் இருப்பதால் பின்னால் வருவதுகூடத் தெரியும். மேலே பருந்து வட்டமிட்டாலும் தெரியும். ஆனால் மூக்குக்கு நேர் முன்னால் ஓர் இடம் மட்டும் தெரியாது. நாம் சரியாக அங்கேதான் கையை நீட்டுகிறோம், "வா வா" என்று. அதன் பார்வையில், வந்துகொண்டிருந்த கை திடீரென்று காணாமல் போகிறது. பக்கவாட்டிலிருந்து, தெரியும்படி, மெதுவாகக் கொண்டுபோய் நெற்றியில் வைத்தால் பாதிப் பயம் குறையும்.

சிலர் முயலை மல்லாக்கப் படுக்க வைப்பார்கள். அது அசையாமல் கிடக்கும். 'எப்படிச் சொக்கிப்போய்க் கிடக்குது பார்' என்று வீடியோ எடுத்துப் போடுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பிடித்தது பிடியைத் தளர்த்தாதா என்று செத்ததுபோலக் கிடக்கிற கடைசி உபாயம் அது. இங்கிலாந்தில் ஆன் மெக்பிரைடும் உடன் ஆய்வாளர்களும் 2006இல் இதை ஆராய்ந்தார்கள். அசையாமல் கிடக்கும்போதும் அதனிடம் அவர்கள் கண்டது பயத்தின் அடையாளங்களைத்தான்.

பஞ்சு எங்களிடம் வந்தது முயல் ஆண்டில். 2023 ஜனவரி 22, சீனப் புத்தாண்டன்று அந்த ஆண்டு பிறந்தது. ராசிக்காக முயல் வாங்கியவர்களில் என் மகளின் ஆபீஸ் தோழியும் ஒருத்தி. சில மாதத்தில் வாடகை வீடு மாறினாள். புது வீட்டுக்காரர் பிராணி கூடாது என்றுவிட்டார். கூண்டோடு பஞ்சு என் வீட்டுக்கு வந்துவிட்டாள். நன்றாகப் பார்த்துக்கொண்டால் முயல் எட்டு முதல் பன்னிரண்டு வருடம் இருக்கும். அடுத்த முயல் ஆண்டு 2035. ராசி பார்த்து வாங்குகிறவர்கள் இந்தக் கணக்கையும் பார்க்கலாம்.

குட்டியிலேயே பழக்குவதற்கும் ஒரு காலம் இருக்கிறது. தாய் முயல் குட்டிகளோடு படுத்துக் கிடக்காது. நாளுக்கு ஒரே தடவை வந்து, மூன்று நான்கு நிமிடத்தில் பால் கொடுத்துவிட்டுப் போய்விடும். ஹங்கேரியில் பொங்ராட்ஸ், ஆல்ட்பேக்கர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1999இல் வெளியிட்ட முடிவு இது: பிறந்த முதல் வாரத்தில், அந்தப் பால் குடிக்கும் நேரத்தை ஒட்டி மனிதக் கை பட்ட குட்டிகளுக்கு, வளர்ந்த பின் மனிதரிடம் பயம் குறைவு. வேறு நேரத்தில் தொட்டால் அந்தப் பலன் இல்லை. கடைக்கு விற்பனைக்கு வரும் குட்டி அந்த வாரத்தைத் தாண்டித்தான் வருகிறது. பிறகு அதன் நம்பிக்கையை நாம்தான் கொஞ்சம் கொஞ்சமாகச் சம்பாதிக்க வேண்டும்.

எனக்கு அதைச் சம்பாதித்துக் கொடுத்தது கைத்தையல். மிஷின் வேலை முடிந்தபின் சேலைக்கு ஃபால்ஸ் வைப்பது, ரவிக்கைக்குக் கொக்கி தைப்பது எல்லாம் பாய் போட்டுத் தரையில் உட்கார்ந்துதான் செய்வேன், மாலை ஆறு மணிக்கு மேல். முயல் பகலில் கண்ணயரும். விடியலிலும் அந்தி நேரத்திலும்தான் சுறுசுறுப்பு. கூண்டைத் திறந்துவிட்டு, அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து என் வேலையைப் பார்ப்பேன். பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, திரும்பிப் பார்ப்பதில்லை. இரை விலங்குக்கு உற்றுப் பார்க்கிற கண் பிடிக்காது.

முதலில் மூக்கு மட்டும் வரும். முன்னங்கால் என் பக்கம் நீண்டிருக்கும், பின்னங்கால் ஓடத் தயாராக அங்கேயே ஊன்றியிருக்கும். நடுவில் உடம்பு நாடாபோல இழுபட்டு நிற்கும். ஊசி விழும் சத்தத்துக்கு ஓடிவிடுவாள். மறுபடி வருவாள். பாதத்தை முகர்வது, சேலைத் தலைப்பை இழுப்பது என்று போய், ஒருநாள் என் சாக்கட்டி டப்பாவில் தாடையைத் தேய்த்தாள். அப்புறம் கத்தரிக்கோலின் பிடியில், அப்புறம் என் கால் கட்டைவிரலில். தாடைக்கு அடியில் வாசனைச் சுரப்பி இருக்கிறது. தேய்த்துவிட்டால் 'இது என்னுடையது' என்று முத்திரை குத்தியாயிற்று. நமக்கு அந்த வாசம் தெரியாது. என் கட்டைவிரல் பஞ்சுவின் சொத்துக் கணக்கில் சேர்ந்தது அப்படித்தான்.

அதற்குப் பிறகுதான் தொட்டேன். நெற்றி, காதின் அடி, கன்னம். வயிறு, பாதம், தாடைக்கு அடி வேண்டாம். தலையைத் தரையோடு தாழ்த்தினால் இன்னும் தடவு என்று அர்த்தம். சுகம் கண்டால் பல்லை மெல்ல உரசுவாள். காதை வைத்துக் கேட்டால்தான் கேட்கும். அதே பல் சத்தம் நறநறவென்று உரக்கக் கேட்டு, உடம்பைச் சுருட்டி உட்கார்ந்திருந்தால் அது வலி.

பிரிக்பீல்ட்ஸில் அடுக்குமாடியில் இருக்கிற என் தங்கை போனில் அழாத குறை. "அக்கா, அதுக்கு என் மேல பாசமே இல்லக்கா." அவளிடம் இருப்பது ஆண் முயல். கூண்டு பால்கனியில்.

"நீ அதையே பார்த்துக்கிட்டு உட்கார்றியா?"

"ஆமா."

"பார்க்காதே. கீழ உட்கார்ந்து சீரியல் பாரு."

கூண்டை முதலில் உள்ளே எடுத்து வைக்கச் சொன்னேன். முயலுக்கு வியர்க்காது, உடம்புச் சூட்டைப் பெரும்பாலும் காது வழியாகத்தான் வெளியேற்றும். 30 டிகிரிக்கு மேல் போனாலே ஆபத்து. நம் ஊர் மதியம் சாதாரணமாகவே 32, 33. டைல்ஸ் தரை, காற்றாடி, துணி சுற்றிய ஐஸ் பாட்டில் இருந்தால் தாங்கும். சூட்டில் மூச்சிரைத்துக் கிடக்கிற பிராணியிடம் பாசத்தை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

பிறகு ஒருநாள் சந்தோஷமாகக் கூப்பிட்டாள், முயல் அவள் காலையே சுற்றிச் சுற்றி வருகிறதாம், உறுமுகிறதாம். அது பாசம் மட்டும் இல்லை தங்கச்சி, உன்னைக் கல்யாணம் பண்ணிக்கொள்ளப் பார்க்கிறது என்றேன். கருத்தடை ஆபரேஷன் செய்தால் அந்தச் சுற்றலும், மூலை மூலையாகச் சிறுநீர் அடிப்பதும் பெரிதும் அடங்கும். பெண் முயலுக்கு அது இன்னும் அவசியம். செய்யாமல் விட்டால் வயதாக ஆகக் கர்ப்பப்பைப் புற்றுநோய் சர்வசாதாரணம். எல்லாக் கிளினிக்கிலும் முயல் பார்க்க மாட்டார்கள், போன் போட்டுக் கேட்டுவிட்டுப் போகவேண்டும். செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகத்தின் விலங்கு மருத்துவமனையும் இருக்கிறது.

லஞ்சம் கொடுக்கலாமா என்று கேட்பீர்கள். தாராளமாக. ஜாலான் தெங்கு கிளானாவில் காய்கறி வாங்கும்போது பஞ்சுவுக்கென்று ஒரு கட்டுக் கொத்தமல்லி தனி. கேரட் சினிமாவில்தான் முயலுக்கு முக்கிய உணவு. அதில் இனிப்பு அதிகம், விரல் நுனியளவு போதும். வயிறு நிரம்ப வேண்டியது காய்ந்த புல்லால். பல் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருப்பதால் அதை மென்றுதான் தேய்க்கவேண்டும். கொத்தமல்லியைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் இருங்கள், அது வந்து எடுக்கட்டும். இதில் இன்னொரு லாபமும் உண்டு. தினமும் கையிலிருந்து பிடுங்கித் தின்கிற முயல் ஒருநாள் கொத்தமல்லியைத் திரும்பிப் பார்க்கவில்லை என்றால் உடனே தெரிந்துவிடும். அரை நாள் சாப்பிடாமல் இருந்தாலே அதன் குடல் நின்றுபோகத் தொடங்கும். நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது.

தையல் மிஷின் ஓடும்போது பஞ்சு பக்கத்திலேயே தொப்பென்று சாய்ந்து படுத்துத் தூங்குவாள். பிளாஸ்டிக் பை சரசரத்தால் மட்டும் பின்னங்காலால் தரையை அறைவாள், காட்டில் கூட்டத்துக்கு எச்சரிக்கை கொடுக்கிற அதே அறை. தீபாவளிப் பட்டாசுக்கு விடிய விடிய அறைந்தாள். இரண்டு பக்கமும் வாசல் வெட்டிய அட்டைப் பெட்டியை மேசைக்கு அடியில் வைத்தேன். ஒரே வாசல் என்றால் உள்ளே போகவே மாட்டாள். நூல்கண்டு, ஊசி, வயர் எல்லாம் இடுப்பு உயரத்துக்கு மேல் போய்விட்டது. நூலை விழுங்கினால் குடல் அடைத்துக்கொள்ளும்.

இவ்வளவு ஆனபிறகும் தூக்கினால் அவளுக்குப் பிடிக்காது. பிடிக்கவும் போவதில்லை. நகம் வெட்டவும் டாக்டரிடம் போகவும் மட்டும் தூக்குவேன், ஒரு கை நெஞ்சுக்கு அடியில், ஒரு கை பின்புறத்தைத் தாங்கி, என் உடம்போடு ஒட்டி. நானும் தரையில் உட்கார்ந்தபடிதான். துள்ளினாலும் விழ உயரம் இருக்காது. இறக்கிவிட்டதும் இரண்டு எட்டு ஓடி, பின்னங்கால் இரண்டையும் என் பக்கமாகச் சொடுக்கி உதறுவாள். பிறகு எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வாள். அந்தக் கோபம் சாயங்காலம் வரைக்கும்கூடப் போகும், கொத்தமல்லி எடுக்க மட்டும் நடுவில் ஒரு தடவை வந்துவிட்டுப் போவாள்.