செட்டிகுளம் திருவிழா முதல் பெர்லின் வரை... நிற்காத 'டும் டும்' டெக்னோவின் கதை!

பங்குனி உத்திரம் வந்துவிட்டால், பெரம்பலூர் மாவட்டம் செட்டிகுளத்தில் கூட்டம் அலைமோதும். மலைமேல் கையில் கரும்புடன் நிற்கும் தண்டாயுதபாணியைத் தரிசிக்கத்தான் அத்தனை பேரும் வருகிறார்கள்.

இந்தப் பக்கத்துத் திருவிழாக்களில் நாகஸ்வரம், தவில், பறை ஒருபக்கம் என்றால், இன்னொரு பக்கம் பாக்ஸ் ஸ்பீக்கர்களின் ராஜ்ஜியம். ஓடுவது பழைய சினிமா பாட்டாகத்தான் இருக்கும். ஆனால், அதன் அடியில் புதிதாக ஒரு 'டும்... டும்... டும்... டும்...' சேர்ந்திருக்கும். பெரியவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். இளசுகள் ஆட ஆரம்பித்துவிடுவார்கள்.

'இதெல்லாம் வெளிநாட்டு இறக்குமதி' என்று சலித்துக்கொள்பவர்கள் உண்டு. பாதி உண்மைதான். மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ள, 1982-ல் மும்பையில் வாழ்ந்த ஒரு சினிமா இசைக்கலைஞரைச் சந்திக்க வேண்டும். அதற்கு முன், டெக்னோ என்றால் என்ன என்று பார்த்துவிடலாம்.

கார் நகரத்தில் பிறந்த இசை

டெக்னோவின் அடிப்படை ரொம்பவே எளிமை. நான்கு எண்ணிக்கை கொண்ட தாளம். ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் ஓர் அடி. நிமிடத்துக்குச் சுமார் 120 முதல் 150 அடிகள். பாடல் வரிகள் பெரும்பாலும் இருக்காது. ஒரே துணுக்கு திரும்பத் திரும்ப வரும். ஆனால், கொஞ்சம் கொஞ்சமாக மாறிக்கொண்டே இருக்கும்.

பிறந்த இடம் அமெரிக்காவின் டெட்ராய்ட். கார் தொழிற்சாலைகளால் வளர்ந்து, அவை மூடப்பட்டதால் சரிந்த நகரம் அது. அதன் அருகிலுள்ள பெல்வில் என்ற ஊரில் ஒரே பள்ளியில் படித்த மூன்று கறுப்பின இளைஞர்கள் ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன். ஜெர்மனியின் 'கிராஃப்ட்வெர்க்' குழுவின் எலெக்ட்ரானிக் இசையையும் தங்கள் ஊர் ஃபங்க் இசையையும் சேர்த்துக் குழைத்தார்கள். 1988-ல் இங்கிலாந்தில் வெளியான ஒரு தொகுப்பு ஆல்பம் மூலம் 'டெக்னோ' என்ற பெயர் உலகம் முழுக்கப் பரவியது.

விலை போகாத கருவிகள்

இந்த இசைக்குக் கை கொடுத்தவை ஜப்பானின் ரோலண்ட் நிறுவனக் கருவிகள். 1980-ல் வந்த டி.ஆர்-808 ஒரு டிரம் மெஷின். அடுத்த ஆண்டு வந்த டி.பி-303, பேஸ் கிட்டார் வாசிக்க ஆள் இல்லாதவர்களுக்காகச் செய்யப்பட்டது. இரண்டுமே நிஜ வாத்தியம்போல ஒலிக்கவில்லை. சில ஆண்டுகளிலேயே தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைத்ததால், காசில்லாத இளைஞர்கள் கைக்கு அவை வந்து சேர்ந்தன. நிஜம்போல இல்லாத அந்தச் சத்தமே புதிய இசையின் அடையாளம் ஆனது.

மும்பையில் ஒரு சரண்ஜித் சிங்

இதே கருவிகளை சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்தவர் சரண்ஜித் சிங். கிட்டாரும் கீபோர்டும் வாசிப்பவர். ஆர்.டி.பர்மன் உள்ளிட்ட பல ஹிந்தி இசையமைப்பாளர்களிடம் வேலை செய்தவர். படத்தின் டைட்டில் கார்டில் பெயர் வராத கூட்டத்தில் ஒருவர்.

ஊரே டிஸ்கோவில் மிதந்த நேரம் அது. அந்தத் தாளத்தில் ராகங்களை வாசித்தால் எப்படி இருக்கும் என்று யோசித்தார். தபேலாவுக்குப் பதில் 808. மெல்லிய ரீங்காரத்துக்கும் வேகமான ஸ்வரக் கோவைகளுக்கும் 303. ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிச் செல்லும் வசதி 303-ல் உண்டு. யமன், பூபாளி, மால்கௌன்ஸ் என்று பத்து ராகங்களை 1982-ல் பதிவு செய்தார். நம் கர்நாடக சங்கீதக் கணக்கில் பூபாளி என்பது மோகனம். மால்கௌன்ஸ் என்பது ஹிந்தோளம். 'டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்' என்ற பெயரில் ஹெச்.எம்.வி வெளியிட்டது.

யாரும் வாங்கவில்லை. அவரும் பழைய வேலைக்கே திரும்பிவிட்டார்.

ஐந்து ஆண்டுகள் கழித்து, 1987-ல், சிகாகோ இளைஞர்கள் அதே 303-ஐத் திருகி ஒரு பாட்டைக் கொண்டுவந்தார்கள். அதிலிருந்து, டெக்னோவின் நெருங்கிய சொந்தமான 'ஆசிட் ஹவுஸ்' பிறந்தது. அவர்கள் சரண்ஜித்தைக் கேட்டு எடுத்துக்கொண்டார்கள் என்று சொல்ல முடியாது. கேட்கும் வாய்ப்பே அவர்களுக்கு இல்லை. ஒரே கருவியைக் கையில் வைத்துக்கொண்டு, இரண்டு ஊர்க்காரர்கள் தனித்தனியாக ஒரே வாசலைத் தட்டியிருக்கிறார்கள். மும்பைக்காரர் முதலில் தட்டினார். கதவைத் திறக்கத்தான் ஆள் இல்லை.

2002-ல் நெதர்லாந்தைச் சேர்ந்த இசைத்தட்டு சேகரிப்பாளர் எடோ பவுமன், டெல்லி கடை ஒன்றில் அந்த ரெக்கார்டைக் கண்டெடுத்தார். 2010-ல் அது மறுவெளியீடு கண்டபோது பலர் நம்பவே இல்லை. யாரோ ஓர் ஐரோப்பியர் செய்த குறும்பு என்றுகூடச் சந்தேகித்தார்கள். பிறகு, எழுபதைத் தாண்டிய வயதில், சரண்ஜித் ஐரோப்பிய மேடைகளில் அதே ராகங்களை வாசித்தார். எதிரே ஆடியவர்களில் பலர், அந்த ரெக்கார்டு வந்தபோது பிறக்கக்கூட இல்லை. 2015-ல் அவர் காலமானார்.

இன்றும் ஏன் பேச வேண்டும்?

பெர்லின் சுவர் 1989-ல் விழுந்தபோது, கிழக்குப் பகுதியின் காலிக் கட்டடங்களில் இரு பக்கத்து இளைஞர்களும் சேர்ந்து ஆடியது டெக்னோவுக்குத்தான். பழைய டிபார்ட்மென்ட் ஸ்டோர் ஒன்றின் லாக்கர் அறையில் 1991-ல் 'ட்ரெசோர்' கிளப் தொடங்கியது. 2024-ல் பெர்லின் டெக்னோவைத் தன் தேசியக் கலாசாரப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்துவிட்டது ஜெர்மனி. 'வெறும் சத்தம்' என்று ஒதுக்கப்பட்டது, இப்போது பாதுகாக்க வேண்டிய சொத்து!

தமிழுக்கும் இதில் பங்கு உண்டு. 1986-ல் 'புன்னகை மன்னன்' படத்திலேயே கம்ப்யூட்டர் இசையைக் கொண்டுவந்துவிட்டார் இளையராஜா.

இன்று 808-ன் சத்தம் செல்போன் ஆப்களில் இலவசமாகவே கிடைக்கிறது. செட்டிகுளத்தில் வெங்காய வயலோரம் உட்கார்ந்துகொண்டு ஒரு பிளஸ் டூ மாணவரால் மோகனத்தில் ஒரு டெக்னோ செய்துவிட முடியும். பறை அடியைப் பதிவு செய்து அதில் சேர்க்கவும் முடியும். கருவிக்குப் பஞ்சம் இல்லை. 'இது என்ன சத்தம்?' என்று கேட்டுவிட்டு நகராமல், ஐந்து நிமிடம் நின்று கேட்கும் காதுகள்தான் வேண்டும். சரண்ஜித் சிங்குக்கு அந்தக் காதுகள் கிடைக்க இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

உங்கள் வீட்டு மாடி அறையில் 'டும் டும்' கேட்டால், கதவைத் தட்டி சத்தத்தைக் குறைக்கச் சொல்லுங்கள், தப்பில்லை. அப்படியே, 'என்ன செஞ்சிருக்க, போடு கேட்போம்' என்றும் ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்களேன்!