கானோவில் கதவுகள் ஏன் அடைபட்டன?

வடக்கு நைஜீரியாவின் கானோ மாநிலம் 2003-இல் போலியோ சொட்டு மருந்தை நிறுத்திவைத்தது. அதில் கருத்தடைப் பொருளும் எச்.ஐ.வி. கிருமியும் கலந்திருப்பதாக ஊரெங்கும் பேச்சு. இரண்டும் பொய். ஆனால் அதை நம்பியவர்களைப் படிப்பறிவில்லாதவர்கள் என்று தள்ளிவிட முடியாது. எதிர்ப்பில் முன்னின்ற டத்தி அஹ்மத்தே ஒரு மருத்துவர்.

அந்த அச்சத்துக்கு ஒரு முன்கதை உண்டு. 1996-இல் கானோவில் மூளையுறை அழற்சி கொள்ளைநோயாகப் பரவியிருந்தது. அப்போது ஃபைசர் நிறுவனம் ட்ரோவன் என்ற புதிய மருந்தை அங்கே சோதித்தது. 100 குழந்தைகளுக்கு ட்ரோவன், இன்னொரு 100 பேருக்குப் புழக்கத்திலிருந்த மருந்து. 11 குழந்தைகள் இறந்தனர். ஐவர் ட்ரோவன் பெற்றவர்கள், அறுவர் மற்ற மருந்தைப் பெற்றவர்கள். கொன்றது நோய்தான், பெற்றோரிடம் வாய்மொழி ஒப்புதல் வாங்கினோம் என்றது நிறுவனம். சோதனை என்றே எங்களிடம் சொல்லவில்லை என்றார்கள் பெற்றோர். என் பார்வையில் இந்த விவகாரத்தின் உயிர், இறப்புக் கணக்கைவிட இந்த ஒரு வாக்கியத்தில்தான் இருக்கிறது. சோதனை நடந்த அதே மருத்துவமனையில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு, பலன் உறுதியான மருந்தைக் கொடுத்துக்கொண்டிருந்தது. 2000 டிசம்பரில் வாஷிங்டன் போஸ்ட் இதை வெளிக்கொண்டுவந்தது.

மூன்றே ஆண்டுகளில் வெளிநாட்டுப் பணத்தில் வந்த சொட்டு மருந்து அதே மக்களின் வாசலில் நின்றது. மலேரியா மாத்திரைக்குக் காசு கேட்கிறீர்கள், நாங்கள் கேட்காத இதை மட்டும் ஏன் வீடு தேடி வந்து இலவசமாகத் தருகிறீர்கள் என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதற்கு யாரும் நேராகப் பதில் சொல்லாததால்தான் வதந்தி அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது.

சுமார் 11 மாதத் தடைக்குள் போலியோ கிருமி நைஜீரியாவைத் தாண்டிவிட்டது. அதன் வழி வந்த தொற்று 20 நாடுகள் வரை போனது. முடங்கியவர்கள் குழந்தைகள், அவர்கள் யாரையும் சந்தேகித்ததில்லை.

அறிவுரையால் தடை விலகவில்லை. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் இந்தோனேசியாவில் தயாரான மருந்தைத் தருவித்தார்கள். 2004 ஜூலை இறுதியில் மாநில ஆளுநர் இப்ராஹிம் ஷெகாராவ் தன் மகளுக்கே பொதுவில் சொட்டு மருந்து கொடுத்தார். ஆனால் மறுஆண்டு, பத்தாண்டுகளாகப் போலியோ இல்லாதிருந்த அந்த இந்தோனேசியாவிலேயே நைஜீரியாவில் வேர்கொண்ட கிருமி சுமார் 300 பேரைத் தாக்கியது.

1996 சோதனைக்காகக் கானோ மாநிலத்துடன் 7.5 கோடி டாலருக்கு ஃபைசர் சமரசம் செய்துகொண்டது 2009-இல். தவறு எதையும் அது ஒப்புக்கொள்ளவில்லை.