ஜீப்பின் பெயர் அச்சில் இருக்கிறது

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பது நம் முன்னோர் மொழி. தேருக்கு மட்டுமன்று, நான்கு சில்லுகளாலும் இழுத்துச் செல்லும் பழைய ஜீப் வண்டிக்கும் அது பொருந்தும் என்பதைச் சென்ற ஆண்டு கைப்பணம் செலவழித்துக் கற்றுக்கொண்டேன். அந்தப் பாடத்தை வாசகர்களோடும், சிறப்பாக மாணவர்களோடும் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

எங்கள் வீட்டு முற்றத்து மாமரத்தின் கீழ் வில்லிஸ் ஜீப் ஒன்று நிற்கின்றது. பளையில் தென்னந்தோட்டம் வைத்திருந்த என் தாய்மாமன் விட்டுச் சென்ற சொத்து அது. பளையின் மணலிலே மற்றை வண்டிகள் புதைந்து நிற்கும்போது இது தேங்காய் மூட்டைகளுடன் சிரமமின்றி வெளியேறும். 1995 ஒக்ரோபர் 30 ஆம் நாள் இரவு, வலிகாமத்து மக்கள் எல்லோரும் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தபோது, அம்மம்மாவையும் இரண்டு நெல்மூட்டைகளையும் பதினைந்து வயதுச் சிறுவனாகிய என்னையும் நாவற்குழிப் பாலத்துக்கு அப்பால் கொண்டுசேர்த்ததும் இதுவே. அன்று அதன் தாங்கியில் இருந்தது பெற்றோல் அன்று, மண்ணெண்ணெய்.

அக்காலத்தை அறியாத இளைஞர்களுக்கு இது வியப்பாக இருக்கலாம். 1990 இல் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்குப் பெற்றோலும் உதிரிப்பாகங்களும் வருவது தடைப்பட்டது. ஏ9 வீதி 2002 இல் திறந்து, 2006 ஓகஸ்ற்றில் மறுபடி மூடுண்டது. அந்த ஆண்டுகளில் நம் வீதிகளில் ஓடியவை பெரும்பாலும் ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் போன்ற பழைய ஆங்கிலேயக் கார்களே. சிறு போத்தலில் உள்ள பெற்றோலிற் சில துளிகளைக் காபரேற்றரில் விட்டு யந்திரத்தைக் கிளப்புவார்கள். அது சூடேறியபின் மண்ணெண்ணெயில் ஓடவிடுவார்கள். பழைய யந்திரங்கள் எரிபொருட் கலவையை மிகுதியாக அழுத்துவதில்லை. ஜீப்பின் யந்திரம் ஏறத்தாழ ஆறரை மடங்கே அழுத்தும். இக்காலக் கார்களில் இது பத்து மடங்கு, அதற்கு மேலும் உண்டு. அழுத்தம் குறைவாக இருந்தமையாலேயே தரம் குறைந்த எரிபொருளையும் அவை பொறுத்துக்கொண்டன.

எரிபொருளுக்கு மாற்று வழி கண்ட நம் மெக்கானிக்குமார் உதிரிப்பாகத்துக்கும் வழி கண்டார்கள். அவர்களுடைய வழிக்கு அடிப்படை ஒன்றே: கையில் உள்ள பொருள் எதுவென்று ஐயமின்றி அறிதல். அதை அறியாமற் போனதே நான் செய்த பிழை.

நான் வாங்கிய சாமான்

சென்ற ஆண்டு ஜீப்பின் பின்பக்கத்தில் முதலில் ஒரு முனகல் கேட்டது. சில வாரங்களில் அது அரைக்கும் ஓசையாயிற்று. ஒருநாள் வண்டி நின்றே விட்டது. பின்னச்சின் நடுவே உருண்டையாகத் தெரியும் பெட்டிக்குள், யந்திரத்திலிருந்து வரும் தண்டின் நுனியிற் சிறிய பற்சில்லு ஒன்று உண்டு. அது பினியன். அது சுழற்றும் பெரிய பற்சில்லு கிறவுண். எங்கள் கிறவுணில் மூன்று பற்கள் உடைந்து போயிருந்தன.

கொழும்பு சென்ற நண்பரொருவரிடம், "ஜீப்புக்குக் கிறவுணும் பினியனும் வேண்டும்" என்று சொல்லிப் பணமும் கொடுத்தனுப்பினேன். சாமான் வந்தது. பெருமையோடு கராஜுக்குக் கொண்டு சென்றேன். எழுபது வயதைக் கடந்த மெக்கானிக் அதை வாங்கிச் சாக்கில் வைத்து, ஒரு பல்லிலே சோக்கட்டியால் அடையாளம் இட்டு, மெல்ல எண்ணத் தொடங்கினார்.

"நாப்பத்திமூண்டு" என்றார். பின் பழையதை எண்ணினார். "முப்பத்தொன்பது."

"கடையிலே ஏமாற்றிவிட்டார்களா அண்ணை?" என்றேன்.

"கடைக்காரரிலை பிழையில்லை மாஸ்ரர். நீங்கள் கேட்டது ஜீப் சாமான், அவர் தந்ததும் ஜீப் சாமான்தான். எந்த ஜீப், எந்த அச்சு எண்டு நீங்கள் சொல்லேல்லையே!"

பௌதிகவியல் கற்பிக்கும் எனக்கு அது தகுந்த அடிதான்.

பற்களின் கணக்கு

ஜீப் என்னும் பெயர் ஒன்றாயினும் வண்டிகள் பல. இரண்டாம் உலகப் போருக்கென 1941 முதல் 1945 வரை வில்லிஸ், போர்ட் ஆகிய இரு நிறுவனங்களும் ஒரே வரைபடத்தின்படி ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்தன. அமெரிக்கப் படையின் ஏடுகளில் அதற்குக் கால் தொன் லொறி என்றே பெயர். வில்லிஸ் செய்தது எம்.பி. எனப்படும். போர்ட் செய்த வண்டியின் போல்ற்றுகளிலே கூட ‘எவ்’ என்ற எழுத்துப் பொறித்திருக்கும். இந்தப் படை ஜீப்பில் பினியனுக்கு 8 பல், கிறவுணுக்கு 39 பல். 1945 இல் உழவருக்கென வந்த சி.ஜே.2ஏ என்னும் வண்டியில் 8 க்கு 43. முன்னதில் தண்டு 4.88 முறை சுழன்றாற் சில்லு ஒருமுறை சுழலும். பின்னதில் 5.38 முறை சுழலவேண்டும்.

இந்தச் சிறு வேறுபாடு என்ன செய்துவிடும்? பின்சில்லுகள் மட்டும் இழுக்கும்போது வேகம் சற்றுக் குறையும், அவ்வளவே. ஆனால் நான்கு சில்லுகளையும் இணைத்தவுடன் முன் தண்டும் பின் தண்டும் ஒன்றாகவே சுழல வேண்டும். முன்னச்சில் 39 பல்லும் பின்னச்சில் 43 பல்லும் இருந்தால், முன்சில்லு 11 முறை சுழலும் நேரத்திற் பின்சில்லு 10 முறையே சுழலும். மணலிலே சில்லு வழுக்கி அதைச் சமாளிக்கும். தார் வீதியில் வழுக்க இடமில்லை. முறுக்கம் முழுவதும் பற்களிலும் தண்டுகளிலும் ஏறி, வலிமை குறைந்த ஏதேனும் ஒன்றை முறித்துவிடும். நான் வாங்கிய சாமானைப் பூட்டியிருந்தால் முன்னச்சையும் இழந்திருப்பேன்.

ஆகவே பழைய ஜீப் வைத்திருப்பவர் முதலிற் பின்சில்லின் நடுவைப் பார்க்கவேண்டும். அங்கே வட்டத்தட்டு ஒன்றை ஆறு போல்ற்றுகள் பிடித்திருந்தால் அது படை ஜீப்பின் அச்சு. அதில் வண்டியின் பாரத்தை அச்சுக்குழாய் தாங்கும், உள்ளே இருக்கும் தண்டு சுழற்றும் வேலையை மட்டுமே செய்யும். சில்லைக் கழற்றாமலே அதை உருவி எடுக்கலாம். நடுவே பெரிய நட்டு ஒன்றும் அதனூடே ஊசியும் இருந்தாற் பெரும்பாலும் அது பிற்காலத்துச் சி.ஜே. வகை அச்சு.

எனினும் இத்தனை ஆண்டுகளில் யார் எதை மாற்றினாரோ! வெளித்தோற்றத்தை மட்டும் நம்பாமல் எண்ணியே பார்க்கவேண்டும். எம்.பி. ஜீப்பின் கைபிறேக் தண்டையே பிடிப்பதாகையால் அதை முதலில் விடுவித்து, மற்றைச் சில்லுகளுக்கு மரக்கட்டை அண்டைகொடுத்து, கியரை நியூற்றலில் விட்டு, நான்கு சில்லு இணைப்பையும் விலக்கி, ஒரு பின்சில்லை மட்டும் ஜக்கினால் உயர்த்துங்கள். அந்தச் சில்லைச் சரியாக இரண்டு முறை சுற்றுங்கள். மற்றைச் சில்லு நிலத்தில் நிற்பதால், இதன் இரண்டு சுற்று கிறவுணுக்கு ஒரு சுற்றாகும். தண்டு ஐந்து சுற்றுக்குச் சற்றுக் குறைவாகச் சுழன்றால் 39. ஐந்தேகாலைத் தாண்டினால் 43. முன்னச்சையும் இவ்வாறே சோதிக்கலாம். இதற்கு ஒரு சோக்கட்டியும் உதவிக்கு ஒருவரும் போதும்.

லான்ட் றோவர் வைத்திருப்போருக்கும் ஒரு சொல். 1948 இல் வெளிவந்த அந்த வண்டியும் ஜீப்பின் வழிவந்ததே. றோவர் நிறுவனத்து மொறிஸ் வில்க்ஸ் தம் பண்ணையில் ஓட்டிய பழைய படை ஜீப்பைப் பார்த்தே அதை எண்ணினார். அதன் நீண்ட வகைகளில் இருவித பின்னச்சுகள் உண்டு. பற்சில்லுப் பெட்டியை முன்பக்கமாகக் கழற்றுவது றோவர் அச்சு. பின்மூடியைப் பத்துப் போல்ற்றுகள் பிடித்திருப்பது சோல்ஸ்பரி அச்சு. ஒன்றின் பாகம் மற்றதற்குப் பொருந்தாது.

பாகம் தேடும் முறை

அச்சு எதுவென்று தெரிந்தபின் தேடுவது எளிது. யாழ்ப்பாணத்தில் ஸ்ரான்லி வீதி, கொழும்பிற் பஞ்சிகாவத்தை, கடல் கடந்தாற் சென்னைப் புதுப்பேட்டை எனத் தேடலாம். இந்தியாவில் மஹீந்திரா நிறுவனமும் ஜப்பானில் மிற்சுபிசி நிறுவனமும் சி.ஜே.3பி ஜீப்பை உரிமம் பெற்றுப் பல்லாண்டுகள் செய்தமையால், அவ்வகைக்குரிய பாகங்கள் ஆசியாவிற் பரவலாக உள்ளன. பெயாரிங் வேண்டுமாயின் வண்டியின் பெயரைச் சொல்லாதீர்கள், அதன் வளையத்தில் வெட்டியிருக்கும் இலக்கத்தைச் சொல்லுங்கள். அதே இலக்கம் வேறொரு வண்டிக்குரிய பெட்டியிற் கிடைக்கக்கூடும். எண்ணெய் சீலுக்கு உள்விட்டம், வெளிவிட்டம், தடிப்பு மூன்றையும் அளந்து செல்லுங்கள். கிறவுணையும் பினியனையும் மாத்திரம் சோடி பிரித்து வாங்கக்கூடாது. இரண்டும் ஒன்றோடொன்று உரைத்துப் பொருத்தப்பட்டவை. இரண்டிலும் ஒரே இலக்கம் பொறித்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும்.

எங்கள் ஜீப்புக்குரிய 39 பற் கிறவுண் எங்கே கிடைத்தது தெரியுமா? அதே கராஜின் பின்புறத்தில், பூவரச மரத்தடியில் ஆண்டுக்கணக்காகக் கிடந்த ஒரு முன்னச்சுக்குள்ளே! படை ஜீப்பில் முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் ஒரே கிறவுண், ஒரே பினியன் என்பது கிழவருக்குத் தெரியும். தடைக்காலத்திற் பலமுறை செய்த வேலை அது. மூடியைக் கழற்றியபோது உள்ளே பழைய எண்ணெயில் மூழ்கி, பற்கள் துருவேறாமல் இருந்தன. மெல்லிய தகடுகளை வைத்தும் எடுத்தும், பற்களிற் பூச்சுத் தடவிச் சுற்றித் தடம் பார்த்தும், இரண்டு நாளில் அவர் பூட்டி முடித்தார். முனகல் நின்றது.

கூலி கொடுத்தபோது, "உங்களுக்குப் பிறகு இதை யார் செய்வார் அண்ணை?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "பெடியள் இஞ்சை வாறதில்லை மாஸ்ரர். வந்தாலும் மாத்திப் போடத்தான் கேக்கினம். ஏன் உடைஞ்சது எண்டு கேக்கிறதில்லை."

அந்தச் சொல் என்னை விட்டு அகலவில்லை. 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபோதும், 2022 இல் எரிபொருளுக்கு மக்கள் வரிசையில் நின்றபோதும், கைத்திறனின் அருமையை நாடு முழுவதுமே மீண்டும் உணர்ந்தது. ஆனால் அத்திறன் எந்த ஏட்டிலும் எழுதப்படவில்லை. சில முதியவர்களின் விரல்களிலேயே இருக்கின்றது, அவர்களோடு போய்விடும்.

இப்போது சனிக்கிழமைகளில் என் மாணவர் நால்வர் கொப்பியும் அளவுகோலுமாக அந்தக் கராஜுக்குச் செல்கின்றனர். அவர் சொல்வதை எழுதுகின்றனர், அச்சுகளை வரைகின்றனர். முதல் நாள் அவர் அவர்களிடம் ஒரு பழைய கிறவுணையும் சோக்கட்டியையும் கொடுத்துச் சொன்னது ஒரே சொல்தான்:

"எண்ணுங்கோ."