குதிர் யார் வீட்டில் இருந்தது?

கடலூர், சிதம்பரம் பக்கத்துப் பழைய வாழ்க்கையைப் பேச ஆரம்பித்தால், அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு நெல் சேமிக்கும் குதிர் இருந்தது என்று யாராவது சொல்லிவிடுவார்கள். குதிர் கட்டும் விதமே அந்தப் பேச்சை மறுக்கிறது. களிமண்ணோடு வைக்கோலும் உமியும் சேர்த்து மிதித்து, வீட்டுக்குள்ளேயே ஓர் உறையை வனைவார்கள். அது காய்ந்தபின் அதன்மேல் அடுத்த உறை. சூளையில் சுடுவதில்லை. ஆள் உயரம் எழும்பிவிட்டால் வாசல் வழியே வெளியே கொண்டுபோக முடியாது. மேலே நெல்லைக் கொட்டி, மூடியைச் சாணமும் மண்ணும் குழைத்துப் பூசிவிட்டு, அடியில் இருக்கும் துளையின் அடைப்பை எடுத்து வேண்டியதைப் பிடித்துக்கொள்வார்கள். இதற்கு ஈரம் ஏறாத தரை வேண்டும், ஒதுக்க ஓர் அறை வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக அடுத்த அறுவடைவரை தாங்கும் நெல் வேண்டும். நாள் கூலியாக நெல் வாங்கிய குடிசைக்கு ஒரு பானை போதும்.

அறுப்புக் காலத்தில் கூலிக்காரர் வீட்டிலும் நெல் சேர்ந்ததே என்று கேட்கலாம். சேர்ந்தது, ஆனால் வருஷம் முழுக்க நிற்கவில்லை. பசி இந்தப் பக்கத்திலேயே இருந்தது: வடலூரில் 1867 மே 23 அன்று வள்ளலார் சத்திய தருமச்சாலையைத் தொடங்கி, சாதி பாராமல் சோறு போட்டார். பார்வதிபுரத்து மக்கள் அதற்கு 80 காணி நிலம் கொடுத்தார்கள். சாப்பிட வந்தவர்கள் பரதேசிகள்தானே என்றால், பத்தாவது வருஷம் தொடங்கிய தாது வருஷப் பஞ்சம் பதில் சொல்லும். அதில் அதிகம் மடிந்தவர்கள் நிலமில்லாத கூலிகளும் கைத்தொழில்காரர்களும். கடன்காரன் வந்தால் ‘எங்கப்பன் குதிருக்குள் இல்லை’ என்று பிள்ளை சொல்லும் பழமொழியிலும் ஒரு சேதி உண்டு: அப்பன் உள்ளே ஒளிய வேண்டுமென்றால் நெல் தீர்ந்திருக்க வேண்டும். குதிர் வைத்திருந்தவனுக்கும் அது எப்போதும் நிறைந்திருக்கவில்லை.

எலியும் வண்டும் தொல்லை கொடுத்ததால்தான் குதிர் ஒழிந்தது என்பார்கள். அந்தத் தொல்லை சாக்கிலும் உண்டு. வேப்பிலை, நொச்சி போட்டு வண்டைச் சமாளிக்கவும் தெரிந்திருந்தது. மாறியது நெல்லின் வழி. கூலி பணமானது. 1972இல் நுகர்பொருள் வாணிபக் கழகம் வந்தபின் நேரடிக் கொள்முதல் நிலையங்கள் பெருகின. நெல் களத்திலிருந்தே மூட்டையாகப் போய்விடுகிறது; விளைவித்த வீட்டிலேயே அரிசியைக் கடையில் வாங்குகிறார்கள்.