பற்சூத்தை: நோகும் முன்னே நிறுத்துவோம்

இடம்பெயர்ந்த குடும்பங்களைச் சந்திக்க நாம் போகும்போது, தாய்மார் முதலில் காணியைப் பற்றிச் சொல்வார்கள். அடுத்துக் கிணற்றைப் பற்றி. அதன் பின் பிள்ளைகளின் படிப்பைப் பற்றி. பிள்ளையின் பல்லைப் பற்றி எவரும் தாமாகச் சொல்வதில்லை. நாமாகக் கேட்டால், "அது பாற்பல்லுத்தானே, விழுந்து முளைக்கும்" என்பார்கள். பல் நோவெடுத்துப் பிள்ளை இரவிரவாக அழுத பின்னர்தான் வைத்தியசாலைக்குப் போகிறார்கள். அந்த நேரத்தில் பல்லைப் பிடுங்குவதைத் தவிர வேறு வழி பெரும்பாலும் இருப்பதில்லை.

தாய்மாரைக் குறை சொல்வதற்காக இதை நாம் எழுதவில்லை. 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்தும், 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமம் முழுவதிலிருந்தும் புறப்பட்ட குடும்பங்களும், வன்னியில் ஊர் ஊராக இடம்பெயர்ந்து 2009 இல் செட்டிகுளம் முகாம்களுக்குப் போனவர்களும் உயிரைக் காப்பாற்றுவதா, பல்லைக் காப்பாற்றுவதா என்று யோசிக்கும் நிலையில் இருக்கவில்லை. இன்றும் சொந்தக் காணிக்குத் திரும்பாத குடும்பங்கள் உண்டு. வைத்தியசாலைக்குப் போனால் பஸ் காசு செலவு. அன்றைய கூலியும் போய்விடும். ஆனால் அந்தச் செலவையும் பிள்ளையின் வேதனையையும் தவிர்ப்பதற்கு ஒரு வழி இருக்கிறது. பற்சூத்தை ஒரே நாளில் வருவதில்லை. தொடங்கி, மெல்ல மெல்ல வளர்ந்து, பல மாதங்கள் கழித்தே குழியாகிறது. அந்த இடைக்காலத்தில் அதை நிறுத்தலாம். இதற்கு உதவும் பொருள்தான் புளோரைட்டு.

நிலாவரையும் நமது பல்லும்

புத்தூருக்கு அண்மையிலுள்ள நிலாவரைக் கிணற்றை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். அது மனிதர் வெட்டிய கிணறு அல்ல. நமது குடாநாடு சுண்ணக்கல்லின் மேல் இருக்கிறது. மழைநீர் காற்றிலும் மண்ணிலுமுள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்துச் சிறிதளவு அமிலத்தன்மை பெறுகிறது. அந்த நீர் சுண்ணக்கல்லை நெடுங்காலமாகக் கரைத்ததனாலேயே நிலத்தின் கீழ் குகைகளும் பிலங்களும் உண்டாயின. கூரை இடிந்த இடத்தில் நிலாவரை போன்ற கிணறு தோன்றுகிறது. மேலே நிற்பவருக்குக் கீழே கல் கரைவது தெரிவதில்லை. நிலம் இடியும்போதுதான் தெரிகிறது.

பல்லிலும் இதுவே நடக்கிறது. பல்லின் வெளிப்புறமுள்ள மிளிரி கல்சியமும் பொசுபேற்றும் சேர்ந்த கடினமான பொருள். பல்லில் படியும் அழுக்கில் வாழும் பற்றீரியாக்கள் நாம் உண்ணும் சீனியைத் தின்று அமிலத்தை உண்டாக்குகின்றன. அமிலம் மிளிரியிலிருந்து கல்சியத்தைக் கரைத்தெடுக்கிறது. நல்ல காலமாக, உமிழ்நீர் அந்த அமிலத்தைத் தணித்து, இழந்த கல்சியத்தைத் திரும்பக் கொடுக்கிறது. ஒவ்வொரு நாளும் பல்லில் இந்தக் கரைவும் கட்டலும் மாறி மாறி நடக்கின்றன. கட்டுவதைவிடக் கரைவது கூடினால் சூத்தை தொடங்குகிறது.

அதன் முதல் அடையாளம் கறுப்புக் குழி அல்ல. முரசின் ஓரமாகச் சுண்ணாம்பு பூசியது போன்ற மங்கலான வெள்ளைக் கோடு அல்லது புள்ளி தெரியும். பிள்ளையின் மேலுதட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பாருங்கள். இந்த நிலையில் பல் நோகாது. இந்த நிலையில்தான் துளையிடாமல், பிடுங்காமல் அதைத் திரும்பக் கட்டியெழுப்பலாம்.

புளோரைட்டு என்ன செய்கிறது?

புளோரைட்டு மண்ணிலும் நீரிலும் தேயிலையிலும் இயற்கையாகவே உள்ளது. பல்லின் மேற்பரப்பில் அது சிறிதளவு இருந்தால், இழந்த கல்சியம் விரைவாகத் திரும்பச் சேர்கிறது. அவ்வாறு கட்டப்படும் புதிய படை முன்னையதைவிட அமிலத்துக்கு நின்று பிடிக்கும். ஆகவே புளோரைட்டு பல்லில் படவேண்டும், அடிக்கடி படவேண்டும்.

இது தெரியவந்த கதையும் வாய்க்கு நீர் எவ்வளவு முக்கியம் என்பதைக் காட்டுகிறது. 1901 இல் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகருக்குப் பல் வைத்தியராகச் சென்ற பிரெடெரிக் மக்கே, அங்கே பிறந்து வளர்ந்தவர்களின் பற்களில் பழுப்பு நிறக் கறைகளைக் கண்டார். கறைபடிந்த அந்தப் பற்களில் சூத்தை குறைவாக இருப்பதும் பின்னர் தெரிந்தது. காரணம் குடிநீரிலுள்ள மிகையான புளோரைட்டு என்பது 1931 இல் கண்டுபிடிக்கப்பட்டது. ட்ரெண்ட்லி டீன் என்ற வைத்தியர் பல ஊர்களின் நீரை ஒப்பிட்டு ஆராய்ந்தார். சிறிதளவு புளோரைட்டு உள்ள நீர் கறையை உண்டாக்காமல் சூத்தையைக் குறைக்கும் என்பது அதனால் தெளிவாயிற்று. 1945 இல் கிராண்ட் ரப்பிட்ஸ் நகரின் குடிநீரில் முதன்முதலாக அளந்து சேர்த்தார்கள். பயிருக்குப் பசளை போடும் நமக்கு இந்தப் பாடம் புதிதல்ல. குறைந்தால் பயிர் தேறாது, கூடினால் கருகும்.

நாம் குடித்த பலவிதத் தண்ணீர்

நமது குடும்பங்கள் ஒரே கிணற்றில் குடித்து வளர்ந்தவை அல்ல. இடம் மாறியபோது நீரும் மாறியது. குடாநாட்டின் சுண்ணக்கல் நீரில் கல்சியம் மிகுதி. கல்சியம் மிகுந்த நீரில் புளோரைட்டு அதிகமாகக் கரைந்து நிற்பது கடினம். வவுனியா, அனுராதபுரம் போன்ற கருங்கல் நிலப் பகுதிகளிலோ பல கிணறுகளிலும் குழாய்க் கிணறுகளிலும் புளோரைட்டு அளவுக்கு மேல் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் லீற்றருக்கு 1.5 மில்லிகிராமை மேல் எல்லையாகக் கொள்கிறது. வெப்பமான நமது நாட்டில் மக்கள் கூடுதலாக நீர் குடிப்பதால், இலங்கைத் தரநியமம் 1 மில்லிகிராம் ஆகும்.

பற்கள் முரசுக்குள் உருவாகும் வயதில், அதாவது பிறந்தது முதல் ஏறக்குறைய எட்டு வயது வரை, புளோரைட்டு மிகுந்த நீரைக் குடித்த பிள்ளைகளுக்கு முன்பற்களில் வெள்ளை வரிகளோ பழுப்புக் கறைகளோ தோன்றலாம். இது சூத்தை அல்ல. பல் துலக்காததால் வந்த அழுக்கும் அல்ல. இந்தக் கறைக்காகப் பிள்ளையைப் பள்ளியில் கேலி செய்வதும், வீட்டில் கரியாலும் மணலாலும் தேய்க்க வைப்பதும் அநியாயம். தேய்த்தால் கறை போகாது, மிளிரிதான் தேயும். பல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

இன்னொரு மாற்றமும் நடந்திருக்கிறது. உவர் நீர் காரணமாகவும், சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்தது பற்றி 2014, 2015 ஆம் ஆண்டுகளில் எழுந்த அச்சம் காரணமாகவும், பல வீடுகளில் சுத்திகரித்த நீரை வாங்கிக் குடிக்கிறார்கள். வடிகட்டி உப்பை அகற்றும் இயந்திரம் புளோரைட்டையும் பெரும்பாலும் அகற்றிவிடும். 2024 இல் தாளையடியில் திறக்கப்பட்ட கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையமும் அதே முறையில்தான் உப்பை நீக்குகிறது. இந்த நீர் குடிக்க நல்லது. ஆனால் பல்லுக்கு வேண்டிய புளோரைட்டை அதிலிருந்து எதிர்பார்க்க முடியாது. கிணற்று நீரில் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பார்த்தோ சுவைத்தோ அறிய முடியாது, சோதித்தே அறியலாம். கொதிக்க வைத்தாலும் புளோரைட்டு போகாது. பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் நீர்ச் சோதனை பற்றிக் கேளுங்கள்.

வீட்டில் செய்யவேண்டியது

ஆலங்குச்சியையும் வேப்பங்குச்சியையும் நமது முன்னோர் போற்றினார்கள். ஒழுங்காகப் பாவித்தால் அவை பல்லைத் துப்புரவாக்கும். ஆனால் அவற்றிலோ உமிக்கரியிலோ பல்லைத் திரும்பக் கட்டும் அளவு புளோரைட்டு இல்லை. உமிக்கரி பல்லைத் தேய்க்கவும் செய்யும். புளோரைட்டுப் பற்பசையே நமக்கு எட்டக்கூடிய மலிவான மருந்து. வாங்கும்போது உறையைப் பாருங்கள். பி.பி.எம். என்ற எழுத்துக்களுக்கு முன் 1000 அல்லது அதற்கு மேற்பட்ட எண் இருக்கவேண்டும். மூலிகைப் பற்பசைகள் சிலவற்றில் புளோரைட்டே இல்லை.

பற்பசையை விளம்பரத்தில் காட்டுவதுபோல் நீளமாகப் பிதுக்க வேண்டாம். மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஒரு அரிசி மணியளவு போதும். மூன்று முதல் ஆறு வயது வரை ஒரு பட்டாணிக் கடலையளவு. அரிசி மணியளவு ஏறக்குறைய 0.1 கிராம். நாளுக்கு இருமுறை என்றால் 40 கிராம் குழாய் ஒன்று ஒரு பிள்ளைக்கு ஆறு மாதத்துக்கு மேல் வரும்.

முதற் பல் முளைத்த நாளிலிருந்தே தொடங்குங்கள். காலையில் ஒரு முறை, இரவு படுக்குமுன் ஒரு முறை. இரண்டில் இரவே முக்கியம். தூக்கத்தில் உமிழ்நீர் குறைவதால் பல்லுக்குக் காவல் இல்லை. துலக்கிய பின் நுரையைத் துப்பினால் போதும். நீர் விட்டு அலசிக் கொப்பளித்தால் புளோரைட்டும் போய்விடும். ஏழு எட்டு வயது வரை பெரியவர் ஒருவர் கூட நின்று துலக்கிவிடவேண்டும். குழாயைப் பிள்ளையின் கைக்கு எட்டாமல் வையுங்கள்; இனிப்பாக இருக்கிறதென்று தின்னவிடக்கூடாது. ஒரு தூரிகையைப் பலர் பாவிக்க வேண்டாம்.

ஆறு வயதளவில் கடைசிப் பாற்பல்லுக்குப் பின்னால் புதிதாக ஒரு கடைவாய்ப்பல் முளைக்கும். அதற்காக எந்தப் பல்லும் விழுவதில்லை. ஆகவே பெற்றோர் அதையும் பாற்பல் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். அது சாகும்வரை இருக்கவேண்டிய பல். அதைத் தேடிப் பார்த்துத் துலக்குங்கள்.

சீனியும் பனங்கட்டியும்

புளோரைட்டு எவ்வளவு உதவினாலும், நாள் முழுவதும் சீனி படும் பல்லைக் காப்பாற்றாது. இங்கே அளவைவிடத் தடவைகள் முக்கியம். வெறுந்தேத்தண்ணீருக்குப் பனங்கட்டியைக் கடித்துக் கடித்துக் குடிப்பதும், உள்ளங்கையில் சீனியை வைத்து நக்குவதும், பிஸ்கட்டை இடையிடையே கொறிப்பதும் ஒவ்வொரு தடவையும் அரை மணி நேரமளவு பல்லை அமிலத்தில் ஊறவைப்பதற்குச் சமம். பனங்கட்டி சீனியைவிட நல்லதென்று நாம் சொல்லிக்கொண்டாலும், பற்றீரியாவுக்கு இரண்டும் ஒன்றே. இனிப்பைச் சாப்பாட்டு வேளையோடு சேர்த்துக் கொடுங்கள். சீனி கலந்த பாற்போத்தலோடு பிள்ளையைத் தூங்க வைக்கவேண்டாம்.

சிகிச்சை நிலையத்தில் கிடைக்கும் உதவி

பல் வைத்தியர் அல்லது பாடசாலைப் பற்சிகிச்சையாளர் பல்லில் புளோரைட்டு வார்னிஷ் பூசலாம். இதிலுள்ள புளோரைட்டு பற்பசையிலுள்ளதைவிடப் பல மடங்கு செறிவானது. ஆகவே இதை அவர்களே அளந்து பூசவேண்டும். பூசுவதற்குச் சில நிமிடங்களே ஆகும். ஊசி இல்லை, நோவும் இல்லை. சில மணி நேரம் கடினமான உணவைத் தவிர்த்தால் போதும். ஆண்டுக்கு இரண்டு தடவை அல்லது அதற்கு மேல் பூசினால் பயன் உண்டு. பல நாட்டு ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2013 இல் வெளிவந்த கொக்ரேன் மதிப்பாய்வில், வார்னிஷ் பூசிய பிள்ளைகளுக்கு நிரந்தரப் பற்களில் ஏறக்குறைய 43 சதவீதமும் பாற்பற்களில் 37 சதவீதமும் சூத்தை குறைந்திருந்தது.

குழி விழுந்துவிட்டாலும் எல்லாம் முடிந்ததென்று எண்ணவேண்டாம். வெள்ளியும் புளோரைட்டும் சேர்ந்த ஒரு திரவம் உண்டு. சில்வர் டயமின் புளோரைட்டு என்பது அதன் பெயர். யப்பானில் ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே பாவனைக்கு வந்தது. துளையிடாமல், ஒரு சிறு தூரிகையால் குழியில் தொட்டுவிடுவார்கள். வெள்ளி பற்றீரியாவைக் கொல்லும். புளோரைட்டு மிருதுவான பல்லை இறுகச் செய்யும். பெரும்பாலான குழிகள் அத்தோடு வளர்வதை நிறுத்துகின்றன. ஒரு குறை உண்டு: சூத்தையான இடம் நிரந்தரமாகக் கறுத்துவிடும். கறுத்த பாற்பல் விழும்வரை நோகாமல் இருப்பது மேலா, வெளுத்த பல்லைப் பிடுங்குவது மேலா என்பதைப் பெற்றோரே வைத்தியரோடு பேசித் தீர்மானிக்கலாம். 2021 இல் உலக சுகாதார நிறுவனம் புளோரைட்டுப் பற்பசையையும் இந்தத் திரவத்தையும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. உங்கள் சிகிச்சை நிலையத்தில் கிடைக்கிறதா என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

கன்னம் வீங்கினால், முரசில் சீழ் வைத்தால், காய்ச்சல் இருந்தால் புளோரைட்டை நம்பி இருக்கவேண்டாம். உடனே வைத்தியசாலைக்குப் போகவேண்டும்.

ஆண்டுக்கு இரண்டு நாள்

2015-16 இல் நாடு முழுவதும் நடந்த வாய்ச்சுகாதார ஆய்வில், ஐந்து வயதுப் பிள்ளைகளில் பாதிக்கும் மேலானோருக்குப் பற்சூத்தை இருந்தது. ஆகவே இது இடம்பெயர்ந்தவரின் வெட்கம் அல்ல, எல்லோருடைய நோய். ஆனால் அடிக்கடி இடம் மாறும் குடும்பத்துக்கே தொடர்ந்து கவனிக்க ஆள் இல்லாமல் போகிறது. போன ஊரில் பார்த்த வைத்தியர் இந்த ஊரில் இல்லை. ஆகவே பிள்ளையின் பல்லுக்குப் பொறுப்பான ஆளாக நாமே இருக்கவேண்டும்.

நாளை மறந்துபோகாமல் இருக்க நாம் ஒரு வழி சொல்வோம். தைப்பொங்கலும் ஆடிப்பிறப்பும் ஆறு மாத இடைவெளியில் வருகின்றன. எந்தச் சமயத்தவரானாலும் நமது ஊரில் அந்த இரண்டு நாளையும் அறியாதவர் இல்லை. பொங்கலும் கூழும் கொழுக்கட்டையும் பிள்ளைகள் தின்னும் நாட்கள் அவை. அந்தந்த வாரத்தில் பிள்ளையின் உதட்டைத் தூக்கிப் பாருங்கள். அடுத்த வாரம் பிள்ளையைப் பல் சிகிச்சை நிலையத்துக்குக் கூட்டிச்செல்லுங்கள். அரசாங்க நிலையத்தில் காசு கேட்கமாட்டார்கள். ஒரு ஒழுங்கையில் நாலு குடும்பம் இருந்தால், ஒரு தாய் எல்லாப் பிள்ளைகளையும் கூட்டிச் செல்லலாம்; மற்ற மூவரின் கூலி மிஞ்சும். கர்ப்பிணித் தாய்மார் தமது பல்லையும் காட்டவேண்டும். சூத்தையை உண்டாக்கும் பற்றீரியா பெரும்பாலும் தாயிடமிருந்தே பிள்ளைக்குத் தொற்றுகிறது. குடும்பநல உத்தியோகத்தரிடம் சொன்னால் வழிகாட்டுவார்.

காணியும் வீடும் எப்போது கைக்கு வரும் என்பது நமது கையில் மட்டும் இல்லை. ஒரு அரிசி மணியளவு பற்பசையும், படுக்குமுன் இரண்டு நிமிடமும் நமது கையில் இருக்கின்றன. எந்த ஊரில், எந்தக் கூரையின் கீழ் படுத்தாலும், பிள்ளை இரவில் அழாமல் தூங்கட்டும்.