உப்புநீரே உடலாக

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பிரிக்பீல்ட்ஸிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் குடும்பம் குடும்பமாக போர்ட் டிக்சனுக்கு வண்டியேறுகிறோம். புளிச்சோறு, மீகூன் டப்பா, பிள்ளைகளுக்கு மாற்றுத்துணி என்று எல்லாம் கூடவே வரும். தஞ்சோங் துவான் முனையின் பாறைப்பக்கம் பிள்ளைகள் ஓடினால் மட்டும் யாராவது ஒரு பாட்டி குரல் கொடுப்பார்: "அங்க போகாதய்யா, முள்ளு ஏறிடும்!"

பாட்டி சொல்வது உண்மை. அந்தப் பாறை இடுக்குகளில் கடல் முள்ளெலிகள் இருக்கின்றன. கறுப்பு உடல், உடலைவிடப் பல மடங்கு நீண்ட ஊசி முட்கள். 'டயடீமா செட்டோசம்' என்பது அறிவியல் பெயர். முகமூடி மாட்டிக்கொண்டு நீருக்குள் குனிந்தால் ஆரஞ்சு வளையமிட்ட ஒரு கண் நம்மை முறைப்பதுபோல் இருக்கும். அது கண் அல்ல, கழிவு வெளியேறும் வழி. வாய் அடிப்பக்கத்தில் பாறையோடு ஒட்டியிருக்கிறது. கண் என்று தனி உறுப்பு இல்லாவிட்டாலும் அதன் தோலே ஒளியை உணர்கிறது. நம் நிழல் விழுந்ததும் முட்கள் நிழல் வந்த பக்கமாகத் திரும்பும்.

முட்கள் எளிதில் ஒடியும், நஞ்சும் உண்டு. குத்திவிட்டால் ஊசியால் கிளறாதீர்கள். பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் காலை வைத்திருங்கள். மூட்டருகே ஆழமாக ஏறியிருந்தால் மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

கடல் முள்ளெலி, நட்சத்திர மீன், கடல் அட்டை, கடல் அல்லி எல்லாம் ஒரே குலம். தமிழில் முட்தோலிகள் என்கிறோம். உலகில் ஏறத்தாழ 7,000 இனங்கள். நட்சத்திர மீனை மலாய்க்காரர்கள் 'தாப்பாக் சுலைமான்', அதாவது சுலைமானின் பாதம் என்பார்கள். ஆனால் அந்தப் பாதம் நடப்பது எலும்பாலோ மூட்டாலோ அல்ல, நீரால். மேல்தோலில் சல்லடை போன்ற சிறிய தட்டு ஒன்று கடலோடு தொடர்பு வைத்திருக்கிறது. அங்கிருந்து கைகள் தோறும் நீர்க்குழாய்கள் கிளைவிட்டு ஓடுகின்றன. குழாய்க்குள் நீர் அழுத்தினால் நூற்றுக்கணக்கான மென்மையான குழாய்க்கால்கள் நீள்கின்றன. தசை இழுத்தால் சுருங்குகின்றன. இந்தக் கால்களால் சிப்பியின் இரு ஓடுகளையும் பற்றி விடாமல் இழுக்கும். ஓடு சற்றே விலகியதும் தன் இரைப்பையையே வெளியே தள்ளி இடுக்கினுள் நுழைத்துச் செரித்துவிடும்.

இத்தனை அழகான ஏற்பாட்டுக்கு ஒரு விலை இருக்கிறது. இவற்றுக்குச் சிறுநீரகம் இல்லை. உடலுக்குள் உள்ள நீரின் உப்பு வெளிக்கடலின் உப்பை ஒட்டியே ஏறி இறங்கும். அதனால் முட்தோலிகளில் ஓர் இனம்கூட நன்னீரில் வாழ்வதில்லை. உப்புக் குறைந்த நீரைத் தாங்குபவையும் மிகச் சிலவே. மஸ்ஜிட் ஜாமெக் அருகே கோம்பாக்கைச் சேர்த்துக்கொண்டு வரும் கிள்ளான் ஆறு, மழைநாளில் முகத்துவாரத்துக் கடலையே நீர்க்கச் செய்கிறது. கெராங் சிப்பி ஓட்டை மூடிக்கொண்டு பொறுத்திருக்கும். முள்ளெலிக்கு மூடிக்கொள்ள எதுவுமில்லை. அதைப் பார்க்க நாம் போர்ட் டிக்சன் வரை போக வேண்டியிருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பற்றிக்கொள்ளப் பாறையும் தெளிந்த நீரும் வேண்டும் என்பது இன்னொன்று.

போன பிறகாவது அதைக் கல்லால் நசுக்காமல் விட வேண்டும். பிள்ளைகள் மட்டுமல்ல, பெரியவர்களும் நசுக்குவதைப் பார்த்திருக்கிறேன், மனம் பதைக்கிறது. அது பாசியை மேய்வதால்தான் பவளத்துக்கு இடம் கிடைக்கிறது. இதைக் கரீபியக் கடல் மிகக் கடுமையாகக் கற்றுக்கொண்டது. 1983 ஜனவரியில், பனாமா கால்வாய் கரீபியக் கடலில் திறக்கும் இடத்தருகே, நம் முள்ளெலியின் நெருங்கிய உறவான ஓர் இனம் மடியத் தொடங்கியது. ஏறத்தாழ ஓராண்டில் கரீபியன் முழுவதும் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் இறந்துபோயின. ஜமைக்காவில் பாசி தின்னும் மீன்களை ஏற்கெனவே பிடித்துத் தீர்த்திருந்தார்கள். 1980இல் பெரும் புயல் ஒன்றும் அடித்திருந்தது. முள்ளெலியும் போனபின் பாசியைத் தடுக்க ஆளில்லை. 1977இல் கடலடிப் பாறைகளில் பாதிக்கு மேல் மூடியிருந்த உயிர்ப்பவளம் 1993இல் நூற்றுக்கு மூன்றாகச் சுருங்கியது. 2022இல் அங்கே மீண்டும் சாவு விழுந்தபோது, காரணம் ஒற்றைச் செல் உயிரி ஒன்று என்று கண்டார்கள். அதே காலத்தில் மத்தியதரைக் கடலிலும் செங்கடலிலும் கூட்டங்கூட்டமாக மடிந்தது வேறெதுவுமல்ல, போர்ட் டிக்சனில் நாம் பார்க்கும் இதே டயடீமா செட்டோசம்.

முள்ளெலி அளவுமீறிப் பெருகினாலும் கேடுதான். அதைத் தின்னும் கிளாத்தி போன்ற மீன்களை நாம் அரித்தெடுத்துவிட்டால், பாசி தீர்ந்த பிறகும் அதன் ஐந்து பற்கள் ஓயாமல் பவளத்தின் சுண்ணாம்பைச் சுரண்டிக்கொண்டிருக்கும்.

உறவுக்காரரான கடல் அட்டையை நம் வீட்டு மருந்துப் பெட்டியிலேயே காணலாம். லங்காவியிலிருந்து வரும் காமாட் எண்ணெய் அதிலிருந்து எடுப்பதுதான். தமிழ்நாட்டுக் கடலில் கண்மூடித்தனமாக அள்ளியதால் 2001இல் இந்தியா கடல் அட்டைப் பிடிப்பையே தடை செய்தது. தூத்துக்குடியில் 1988லேயே அதன் குஞ்சுகளைப் பொரிக்கவைத்து வளர்த்துக் காட்டியிருந்தார்கள் விஞ்ஞானிகள்.

பிற்பகலில் நாம் பாயைச் சுருட்டும்போதும் முள்ளெலிகள் இடுக்கில் ஒடுங்கித்தான் கிடக்கும். நெடுஞ்சாலை நெரிசலில் பிள்ளைகள் தூங்கிப்போகும் நேரத்தில், இருட்டிய பாறைமேல் அவை ஒவ்வொன்றாக வெளியே வந்து பாசியை மேயத் தொடங்கும்.